திருகோணமலை உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

எளிய ஊசலைக் கொண்டு ஈர்ப்பு ஆர்முடுகலைத் துணியும் செய்முறையை ஒவ்வொரு வருசமும் செய்விக்கிறீர்கள். அலைவுகாலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே வரைந்து, படித்திறன் கண்டு, 9.8 இற்குக் கிட்ட ஒரு விடை வந்ததும் பிள்ளைகள் கொப்பியை மூடிவிடுகிறார்கள். அந்த இடத்தில் மூடவிடாதீர்கள், அணுக்களையும் இரண்டு ஆடிகளுக்கிடையே பெருகும் ஒளியையும் கொண்டு இதை அளக்கும் முறையையும் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

அதே ஆர்முடுகலை இன்று விழும் அணுக்களே அளந்து சொல்கின்றன. 1991 இல் ஸ்ரான்போர்டில் மார்க் கசேவிச்சும் ஸ்டீவன் சூவும் சோடியம் அணுவின் அலையை ஒரு லேசர்த் துடிப்பால் இரண்டு பாதையாகப் பிரித்து, அடுத்த துடிப்பால் திருப்பி, மூன்றாவதால் சேர்த்துக் காட்டினார்கள். துணிக்கைகளும் அலையாக நடந்துகொள்ளும் என்ற டீ புறோக்லியின் சடப்பொருள் அலை பாடத்திட்டத்தில் இருப்பதுதானே. இரு பாதைகளின் அவத்தை வித்தியாசம், அதாவது ஓர் அலை மற்றதைவிட எத்தனை சுற்று முந்தி அல்லது பிந்தி நிற்கிறது என்பது, ஈர்ப்பு ஆர்முடுகலையும் துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. 780 நனோமீற்றர் ஒளியில், எதிரெதிரே வரும் இரண்டு கற்றைகளுடன் ரூபிடியத்துக்குக் கணக்குப் போடுங்கள். இடைநேரம் 0.1 செக்கன் என்றால் அவத்தை ஏறத்தாழ இரண்டரை இலட்சம் சுற்று வரும். அதில் ஒரு சுற்றின் சிறு பின்னத்தையே வாசிக்க முடிகிறது என்றால், துல்லியம் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைக்கே விளங்கும்.

நேரம் கூடக் கூடத் துல்லியம் ஏறும். ஆனால் அணு விழுந்துகொண்டே இருக்கிறது. 20 செக்கன் விழவிட்டால் கிட்டத்தட்ட 2 கிலோமீற்றர் வேண்டும். ஒளியிலும் சிக்கல் உண்டு: கற்றையின் அலைமுகம், அதாவது ஒரே அவத்தையிலுள்ள புள்ளிகளின் பரப்பு, இம்மியளவு நெளிந்தாலும் அந்த நெளிவு அப்படியே அளவீட்டில் ஏறிவிடும்.

இங்கேதான் ஒளிக்குழி வருகிறது. எதிரெதிரே நிறுத்திய இரண்டு ஆடிகள், அவ்வளவுதான். பரிவுக் குழாயில் நீர்மட்டத்தை மெல்ல இறக்கும்போது ஓரிடத்தில் இசைக்கவையின் ஒலி திடீரென உரத்துக் கேட்குமே, அதே பரிவு இங்கே ஒளிக்கு. ஆடிகளின் இடைத்தூரத்துக்குப் பொருந்தும் ஒளி திரும்பத் திரும்ப மோதிப் பெருகுகிறது. சிறிய லேசரே போதுமாகிறது. எனக்கு இதைவிடப் பெரிதாகப்படுவது வேறொன்று. குழியின் வடிவத்துக்குப் பொருந்தாத நெளிவுகள் உள்ளே நிலைப்பதில்லை, ஆடிகளே கற்றையைச் சுத்தமாக்கிவிடுகின்றன. 2015 இல் பேர்க்லியில் ஹொல்கர் முல்லரின் குழு சீசியம் அணுக்களை வைத்து இதைச் செய்து காட்டியது. 2019 இல் அதே குழு அணுக்களை விழவிடாமல், குழிக்குள் நிற்கும் ஒளியின் நின்ற அலையிலேயே 20 செக்கன் தாங்கி வைத்திருந்தது. 2024 இல் ஒரு நிமிடத்தையும் தாண்டினார்கள்.

குறையையும் பிள்ளைகளுக்கு மறைக்கக்கூடாது. குழி ஒளியால் நிரம்பவும் வடியவும் நேரம் எடுக்கும். ஆடிகள் சிறந்தவையாகவும் குழி நீளமாகவும் ஆக ஆக, குறுகிய துடிப்புகள் இழுபட்டுப்போகும்.

திருகோணமலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். கொட்டியாரக் குடாவில் ஆழ்கடற் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகிலேயே தொடங்குகிறது. நீர் பாறையைவிட அடர்த்தி குறைந்தது, ஆகவே பள்ளத்தாக்கின் மேல் ஈர்ப்பு சற்றுக் குறையும். இன்னும் தெற்கே இந்து சமுத்திரத்தில், ஒழுங்கான நீள்கோளமாகப் பூமியைக் கணித்தால் வரவேண்டிய மட்டத்தைவிடக் கடல் 100 மீற்றருக்கும் மேலாகத் தாழ்ந்திருக்கிறது; அதற்கும் காரணம் ஈர்ப்பின் வேறுபாடுதான். 2018 இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கப்பலிலேயே அணு ஈர்ப்புமானியை வைத்து அளந்த முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் ஒளிக்குழி இல்லை, ஆனால் இந்தக் கருவி கடலுக்கு வந்துவிட்டது என்பதற்கு அது போதும். கோணேசர் கோயில் குன்றில் நின்று கடலைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு 9.8 வெறும் எண்ணாக இருக்கலாமா?

பாஸ்ற் பேப்பரில் வராததை எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் நான் கேட்பது புதிய அலகு அல்ல. ஊசல் செய்முறைக்குப் பிறகு ஒரு பாடவேளை, பரிவுக் குழாய்க்குப் பிறகு இன்னொன்று. மேலே சொன்ன இரண்டரை இலட்சம் சுற்றுக் கணக்கையும் 2 கிலோமீற்றர்க் கணக்கையும் கரும்பலகையில் பிள்ளைகளே போடட்டும். ஆய்வுகூடத்தில் எந்தக் கருவியும் தேவையில்லை.

மூதூர், கிண்ணியா, குச்சவெளி, நகரம் எல்லாப் பாடசாலைக்கும் பொதுவாகத் தமிழில் ஒரு பயிற்சித்தாள் வேண்டும். முதல் வரைவை நான் எழுதுகிறேன். கூடியிருந்து திருத்த, தூரத்திலிருந்து வருபவர்களுக்கும் தோதான ஒரு சனிக்கிழமையைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை