படநூல் வெளியிடும் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு, வணக்கம்.

கோயம்புத்தூரில் 20 ஆண்டுகளாக வீடுகளுக்கு உள்வேலை செய்து கொடுத்து வருகிறேன். அலமாரி, சமையலறை, விளக்கு என்று எதுவானாலும் என் தொழில் ஒரு படத்தில்தான் தொடங்குகிறது. முதல் நாள் பேச வரும் வாடிக்கையாளர், வெளிநாட்டில் அச்சான கனத்த நூலொன்றை விரித்து, இப்படி வேண்டும் என்பார். படத்தில் சமையல் மேடை பளபளவென்று இருக்கும்; கிரைண்டருக்கு மட்டும் இடம் இருக்காது. மாவே அரைக்காத வீட்டின் படத்தை வைத்துக்கொண்டு, கிரைண்டருக்குப் பேர்போன ஊரில் நான் மேடை கட்ட வேண்டியிருக்கிறது. அந்த நூல்களைக் குறை சொல்லவில்லை. அவை அவர்கள் வீட்டுக்காக அச்சானவை. நம் வீட்டுக்கான நூலை நீங்கள்தான் போட வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

போடும்போது சரியாகப் போட வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன். பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலின் கனகசபைச் சிற்பங்களைப் பற்றிய தமிழ்ப் படநூல் ஒன்றை, பதிப்பகத்தின் பெயர் வேண்டாம், ஆசையோடு வாங்கினேன். ஊர்த்துவ தாண்டவர் இரண்டு பக்கங்களில் விரிந்திருந்தார். தூக்கிய கால் வலப்பக்கத்தில், ஊன்றிய கால் இடப்பக்கத்தில். முகம் நடுவில் பசைக்குள் போய்விட்டது. முகத்தைப் பார்க்க நூலின் முதுகை அழுத்தி விரித்தேன். எட்டுப் பக்கங்கள் கையோடு வந்துவிட்டன. தாள்களை அறுத்துப் பசையில் ஒட்டும் பைண்டிங் கதைப்புத்தகத்துக்குப் போதும். படநூலை ஃபாரம் ஃபாரமாக, அதாவது ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடித்த பக்கக் கட்டுகளாக, நூலால் தைத்தால்தான் மேசையில் படிந்து விரியும். அப்படித் தைக்கக் காசு இல்லையென்றால், படத்தை ஒரே பக்கத்துக்குள் சிறிதாகவே போடுங்கள், முகமாவது மிஞ்சும்.

அதே நூலில் கல்லெல்லாம் கரியாக இருந்தது. 17-ஆம் நூற்றாண்டுச் சிற்பி கருங்கல்லில் காட்டிய நகத்தையும் நரம்பையும், மை இழுக்கும் சாதாரணத் தாள் விழுங்கிவிட்டது. அத்தகைய தாளில் மைப்புள்ளி பரவுகிறது. இருண்ட இடங்களில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் நிழலுக்குள் இருக்கும் நுணுக்கம் அடைபட்டுப் போகிறது. பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் மை மேலேயே நிற்கும். அதிலும் பளபளப்பில்லாத மேட் தாளாக இருந்தால், டியூப்லைட் வெளிச்சம் படத்தின் மேல் விழுந்து கண்ணைக் கூசவைக்காது.

விலை என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்காமல் இல்லை, அது நியாயமான பதில்தான். ஆனால் நூல் முழுவதும் ஆர்ட் பேப்பர் எதற்கு? நம் பக்கத்துக் கரூர்க் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து ஆகும் தாளே எழுத்துப் பகுதிக்குப் போதும்; படங்களை மட்டும் 16 பக்க ஃபாரம் இரண்டாக நல்ல தாளில் அடித்து இடையில் சேர்க்கலாம். அந்தக் காலத்து நூல்களில் படத்தாள் அப்படித்தான் இருந்தது.

எழுத்திலும் ஒரு குறை உண்டு. "அழகிய பழங்கால வீடு" என்று படத்தின் கீழ் எழுதினால் அது எனக்கோ, என்னிடம் வேலை செய்யும் ஆசாரிகளுக்கோ எதற்கும் உதவாது. நடுவில் முற்றம் உள்ள தொட்டிக்கட்டு வீட்டின் ஆசாரத்தை, அதாவது தூண்கள் நிற்கும் கூடத்தை, படம்பிடித்தால் தூணுக்குத் தூண் எத்தனை அடி, என்ன மரம், எந்தத் திசை பார்த்த வாசல், படம் எடுத்தது எந்த மாதம் எத்தனை மணிக்கு என்பதை எழுதுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி ஆடியில் அடிக்கும் காற்றுக்கு ஜன்னலை எங்கே வைத்தார்கள், எங்கே வைக்காமல் விட்டார்கள் என்பது தரைப்படம் இருந்தால்தான் புரியும். அது வெறும் கோட்டுப்படம், கறுப்பு மை போதும். பவானி ஜமக்காளத்தையும் அறை நடுவில் விரித்துத் தூரத்திலிருந்து காட்டுவதோடு நிறுத்தாமல், அதன் ஒரு மூலையை உள்ள அளவிலேயே அச்சிட்டால் நெசவு இழையின் பருமனும் பட்டைகள் சேரும் இடமும் தெரியும். நெய்கிறவர் அதைத்தான் பார்ப்பார்.

செட்டிநாட்டு வீடுகளுக்குப் படநூல்கள் உண்டு. கொங்கு நாட்டு வீட்டுக்குத் முன்பக்கத் திண்ணையிலிருந்து பின்பக்கப் பொடக்காலி வரை அளவோடு காட்டும் நூல் ஒன்றை நான் இன்னும் கையில் பிடிக்கவில்லை. பழைய வீடுகளில் வேலைக்குப் போனபோது எடுத்த அளவுகளும் வரைபடங்களும் 11 வீடுகளுக்கு என்னிடம் இருக்கின்றன; அவற்றுள் இரண்டை இடித்துவிட்டார்கள். வீட்டுக்காரர்களின் இசைவைப் பெற்று அத்தனையையும் பணம் வாங்காமல் தருகிறேன். பதிலுக்கு நான் கேட்பது, அச்சுக்குப் போகும் முன் வண்ண ப்ரூஃபை, அதாவது சோதனை அச்சை, ஒரு பகல் பொழுது படத்திலுள்ள வீட்டின் ஆசாரத்திலேயே விரித்து, மரத்தின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க விட வேண்டும் என்பதுதான்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு வீட்டு உள்வேலைக்காரர்