சுவரில் இரண்டு ஆணி

கம்பம்

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதற்கு ஒன்றும் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். அதெல்லாம் இல்லை. போனில் நீ ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, கடைசியில் பேச்சு ஏலக்காய் விலையில் போய் முடியும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுதி முடித்ததும் நானே போட்டோ எடுத்து அனுப்புகிறேன், கோணலாக வந்தால் பொறுத்துக்கொள். வேறு யார் கையிலும் இதைக் கொடுக்க விருப்பமில்லை.

கிரீன் கார்டு வந்துவிட்டது, இனி துப்பாக்கி வாங்கத் தடையில்லை என்றாய். வேலை விசாவில் இருக்கிறவன், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் இருந்தால் தவிர, துப்பாக்கியைத் தொடக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டமாம். கார்டு வந்துவிட்டால் கடையில் ஒரு படிவம், கம்ப்யூட்டரில் ஒரு சோதனை, அப்புறம் கையில் துப்பாக்கி. டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துப் போகக்கூட லைசென்ஸ் தேவையில்லை என்றும் சொன்னாய். எனக்கு உடனே இடுக்கி கலெக்டர் ஆபீஸ் இருக்கிற பைனாவு ஞாபகம் வந்தது.

தாத்தாவின் ரெட்டைக்குழல் உனக்கு நினைவிருக்கும். வண்டன்மேட்டுத் தோட்டத்து வீட்டில், உள்ளறைச் சுவரில், இரண்டு ஆணியில் தொங்கும். அவர் லைசென்ஸ் வாங்கிய காலத்தில் இடுக்கி மாவட்டமே கிடையாது. அது 1972ல் வந்தது. கோட்டயம் கலெக்டர் கையெழுத்துப் போட்ட லைசென்ஸ் அது. அவர் 1998ல் போனதும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு என் பெயருக்கு மாற்ற மனுப் போட்டேன். பதினான்கு மாதம் ஆனது. பைனாவு கலெக்டர் ஆபீசுக்கு எத்தனை நடை என்று கணக்கு வைக்கவில்லை. அங்கே ஒருவர் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி கேட்பார்: "எந்தினா தோக்கு?" துப்பாக்கி எதற்கு என்று.

பன்றிக்கு என்பேன். பன்றியைச் சுடக்கூடாதே என்பார். சுடமாட்டேன், சத்தம் காட்டுவேன் என்பேன். சத்தத்துக்குப் பட்டாசு போதாதா என்பார். மனுஷன் சொன்னதில் தப்பே இல்லை. அன்றைக்கு மட்டும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த "எதற்கு?" என்ற கேள்வியில்தான் இரண்டு நாட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. நம் சட்டத்தில் காரணத்தை நாம் சொல்ல வேண்டும். நியூயார்க்கிலும் துப்பாக்கியை வெளியே எடுத்துப் போகத் தகுந்த காரணம் காட்டு என்று நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு சட்டம் இருந்ததாம். 2022ல் உச்ச நீதிமன்றம் அது அரசமைப்புக்கு விரோதம் என்று தள்ளிவிட்டது. 2008லேயே தனி மனிதன் வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது அவன் உரிமை என்று தீர்ப்புச் சொன்னது அதே நீதிமன்றம். அந்த உரிமைக்கும் எல்லை உண்டு என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறதாம். நீ அதைச் சொல்லவில்லை. உன் ஆபீஸ் நண்பரும் சொல்லியிருக்க மாட்டார்.

வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தை நாம் அப்படியே கட்டிக்கொண்டு அழுகிறோம் என்றாய். பாதி சரி. வைஸ்ராய் லிட்டன் பிரபு 1878ல் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தில் நம் ஆட்களுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. ஆங்கிலேயர் செய்த கேடுகளில் மிகக் கறுப்பானது இதுதான் என்று எழுதியவர் யார் தெரியுமா? காந்தி. 1918ல், யுத்தத்துக்கு ஆள் சேர்க்கும்போது. 1931ல் கராச்சி காங்கிரஸ் போட்ட அடிப்படை உரிமைத் தீர்மானத்திலும், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை இருந்தது. அப்புறம் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஹெச்.வி. காமத் எழுந்து அதை அரசமைப்பில் சேர்க்கச் சொன்னார். அம்பேத்கர் ஒப்பவில்லை. ஒவ்வொருவனும் சந்தைக்குப் போய் தடையில்லாமல் ஆயுதம் வாங்கலாம் என்றால் அரசாங்கம் எப்படி நிர்வாகம் நடத்தும் என்று கேட்டார். காமத்தின் திருத்தம் தோற்றது. நமக்குக் கிடைத்தது, ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமை. 1959ல் புதுச் சட்டம் வந்தது, இப்போது நடப்பது அதுதான். இங்கேயும் இந்த வாதம் நடந்திருக்கிறது, தம்பி. உன் பக்கத்துக்குக் காந்தி பெயரை நீ தாராளமாக இழுக்கலாம்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றும் சொல்லமாட்டேன். கூர்க்கில் கொடவர்களுக்கும் ஜம்மா என்கிற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸிலிருந்தே விலக்கு உண்டு, 2029 வரை நீட்டியிருக்கிறார்கள். நம்மிடம் பட்டா இருந்தது, கரண்ட் பில் இருந்தது, பைனாவுக்குப் பதினான்கு மாதம் நடக்கப் பணமும் பொழுதும் இருந்தது. விடிகாலையில் கம்பத்திலிருந்து ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து மலையேறி, பன்றியும் காட்டுமாடும் நடமாடும் தோட்டத்துக்குள் முதலில் கால் வைக்கிற பெண்களில் ஒருத்தி மனுப் போட்டிருந்தால் வாசலிலேயே சிரித்து அனுப்பியிருப்பார்கள். "எதற்கு?" என்ற கேள்விக்கு நல்ல பதில் அவர்களிடம்தான் இருந்தது.

இன்னொன்றுக்கு என்னிடம் பதிலே இல்லை. அரசாங்கத்தின் கையில் மட்டும் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று நீ கேட்டாயே, அது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று நம் ஆட்கள் 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்துக் கூலிகள். அவர்கள் கையிலும் துப்பாக்கி இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களா, இல்லை அறுபது பிணம் விழுந்திருக்குமா? யோசித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

போலீஸ் வந்து சேர நேரமாகும், அதுவரை நம் வீட்டுக்கு நாம்தான் காவல் என்று உன் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதையும் தள்ளமுடியாது. 2022ல் உன் டெக்சாஸில் யுவால்டி பள்ளிக்கூடத்துக்குள் ஒருவன் புகுந்து சுட்டபோது 376 போலீஸ்காரர்கள் வந்து சேர்ந்தும், அறைக்குள் நுழைந்து அவனைச் சுட 77 நிமிஷம் ஆனது. 19 குழந்தைகள், 2 டீச்சர்கள். பதினெட்டு வயது முடிந்த சில நாளில் அவன் கடையில் முறைப்படி வாங்கிய துப்பாக்கி. ஒரே சம்பவத்தைத் துப்பாக்கி வேண்டும் என்பவர்களும் காட்டுகிறார்கள், எதிர்ப்பக்கமும் காட்டுகிறது. என்னவோ, எனக்குப் பேத்தி முகம்தான் வந்தது.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன். இதுவரை எழுதியதெல்லாம் அதைத் தள்ளிப்போடத்தான்.

2018 வெள்ளத்துக்கு அப்புறம் ஏலக்காய் இல்லாமல் விலை ஏறியது உனக்குத் தெரியும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7000 ரூபாய் வரை போனது. அந்தக் கிறுக்கில் பக்கத்துத் தோட்டத்தையும் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்தேன். பேங்க் கடன், வெளிக் கடன், அம்மா நகை. 2021ல் விலை ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. கொரோனா வேறு, கம்பம்மெட்டுச் செக்போஸ்டில் பாஸ் இல்லாமல் ஆள் ஏற்றமுடியாது. கூலி, உரம், மருந்து, பாட்டம் எதற்கும் கட்டவில்லை. உன்னிடம் சொல்லவில்லை. நீ அப்போதுதான் வீடு வாங்கியிருந்தாய்.

அந்த ஏப்ரலில் ஒரு ராத்திரி தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தேன். கணக்கு நோட்டை மூடிவிட்டு எழுந்து நேராக உள்ளறைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. சுவரில் இரண்டு ஆணி மட்டும் இருந்தது.

சட்டசபைத் தேர்தல். தேதி அறிவித்ததும் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டுபோய் வைத்து ரசீது வாங்க வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் நான் திட்டிக்கொண்டே செய்கிற வேலை. பன்றிக்கு யாரய்யா தேர்தல் வைத்தது என்று அந்தத் தடவையும் ஸ்டேஷன் வாசலில் சத்தம் போட்டுவிட்டுத்தான் வந்தேன். அந்த ராத்திரி அதுவே மறந்துபோயிருக்கிறது, பார்.

ஆணியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அப்புறம் திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. விடியும்போது வளைவில் ஜீப் வெளிச்சம் தெரிந்தது. வேலைக்கு வந்தவர்களில் முதலில் இறங்கிய ஒரு பெண் என்னைப் பார்த்து, "என்னய்யா, ராத்திரி தூங்கலையா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அடுப்பு மூட்டி எனக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். குடித்தேன்.

ஒரு வாரம் கழித்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அழுது முடித்துவிட்டு அடுத்த நாளே தேனிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் உட்கார வைத்தாள். ஒன்பது மாதம் மாத்திரை சாப்பிட்டேன். பாட்டத்தை விட்டுக்கொடுத்தோம், கடனை மெதுவாக அடைத்தோம். இப்போது நன்றாக இருக்கிறேன், நீ பயப்படாதே. தேர்தல் முடிந்து துப்பாக்கியை எடுத்துப்போகச் சொன்னபோது நான் வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. டீலரிடம் கொடுத்துவிட்டு லைசென்ஸையும் ஒப்படைத்தேன். முட்டிவலி, இனி தோட்டத்தில் தங்கப்போவதில்லை, அதனால் கொடுத்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய்.

நல்லவன் கையில் துப்பாக்கி இருந்தால் ஊருக்குப் பாதுகாப்பு என்று நீ சொன்னாய். நான் நல்லவன்தானே? இருபது வருஷத்துக்கு மேல் ஒரு வழக்கு கிடையாது. எண்ணெய் போட்டு, துணி சுற்றி, தோட்டாவைத் தனியாகப் பூட்டி வைத்தவன். 2016ல் வந்த விதிப்படி புதுப்பிக்கும்போது மனநிலையும் சரி என்று டாக்டர் சான்று கேட்டார்கள், கொடுத்தேன். அந்தச் சான்று பொய்யில்லை. அது எழுதிய நாளில் எனக்கு ஒன்றுமே இல்லை. அமெரிக்காக் கடையில் என்னை எந்தக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்திருந்தாலும் தாராளமாகக் கொடு என்றுதான் வந்திருக்கும்.

உங்கள் நாட்டுச் சுகாதாரத் துறைக் கணக்கையும் பார்த்தேன். 2021ல், அதாவது என் வருஷத்தில், துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தாங்களே முடித்துக்கொண்டவர்கள். நீங்கள் எல்லோரும் கதவை உடைத்துக்கொண்டு வருகிறவனைப் பற்றியே பேசுகிறீர்கள். பாதிக்கு மேல் வீட்டுக்காரன்தான். அந்த நேரம் ஓயவே ஓயாது என்று தோன்றும், தம்பி. ஓய்ந்துவிடுகிறது. ஜீப் வரும்வரை தாங்கினால் போதும்.

புளோரிடாவில் 2018ல் பள்ளிக்கூடத்தில் நடந்த சூட்டுக்கு அப்புறம், ஆபத்தான நிலையில் இருப்பவனிடமிருந்து நீதிமன்ற உத்தரவில் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கச் சட்டம் போட்டார்கள். உன் டெக்சாஸில் அப்படி ஒன்று இல்லை. இருந்தாலும் அதற்கு யாராவது பார்த்துப் போய்ச் சொல்ல வேண்டும். என்னை யார் பார்த்தார்கள்? ஊர் முழுக்க ஒரே மாதிரி வாங்கிவைத்த தேர்தல் விதிதான் என்னிடமிருந்தும் வாங்கி வைத்தது. என் மனசைப் பற்றி அதற்கு ஒரு கவலையும் கிடையாது.

வாங்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நாற்பது வயதை நெருங்குகிறாய். வாங்கினால் சிலது செய். இரும்புப் பெட்டியில் பூட்டு, தோட்டா வேறிடத்தில் இருக்கட்டும். மருமகளுக்குத் தெரியாமல் வாங்காதே. பேத்திக்குத் தெரியாது என்று நினைக்காதே. தாத்தா தோட்டா எங்கே வைப்பார் என்று எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். உன் வேலையில் ஆளைக் குறைக்கிறார்கள் என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. அப்படி ஒரு காலம் வந்தால், மனசு சரியில்லை என்று உனக்கே தெரியும் முன்பாக, அதைக் கொண்டுபோய் நண்பன் வீட்டிலோ கடையிலோ கொடுத்துவிடு. அப்புறம் எனக்குப் போன் பண்ணு. இங்கே ராத்திரி மணி என்ன என்று பார்க்காதே.

அம்மாவுக்கு நான் இதை எழுதுகிறேன் என்று தெரியும். திருத்தம் ஒன்று சொன்னாள்: ஒன்பது மாதம் இல்லையாம், பதினொன்று.

எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள ஏலக்காய் இரண்டு கிலோ தனியாகப் பொறுக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். இதற்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, அம்மாவிடம் கொடுக்கச் சொல்லும் முன், என்னிடம் கொஞ்ச நேரம் பேசு.

அன்புடன்,
அப்பா