157 ஆம் உறுப்புரையையும் ஒருக்கால் பாருங்கள்

புதிய அரசியலமைப்பு தருவோம் என்று வாக்குக் கேட்டுப் பாராளுமன்றம் போனவர்களுக்கு,

கொழும்புத் தமிழர் எழுதும் மடல் என்றதும் மாகாண சபைகளுக்கு அதிகாரம் தரும் 13 ஆவது திருத்தம் பற்றித்தான் என்று நினைப்பீர்கள். அதையும் பேசத்தான் வேண்டும். இன்றைக்கு நான் கேட்க வந்தது, வெளிநாட்டு முதலீட்டு ஒப்பந்தங்களுக்குக் காவல் நிற்கும் 157 ஆம் உறுப்புரையைப் பற்றி.

போன ஞாயிறு பின்னேரம் காலிமுகத்திடலில் இறால் வடை தின்றுகொண்டு, கடலை நிரப்பி எடுத்த துறைமுக நகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 269 ஹெக்டேயர், அதற்கென்றே 2021 இல் தனிச் சட்டம், தனி ஆணைக்குழு. வடையின் மேல் கிடந்த இறால் மட்டக்களப்பை ஞாபகப்படுத்திவிட்டது.

1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஓர் இறால் பண்ணையில் விசேட அதிரடிப்படையின் நடவடிக்கை. 20 க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். பண்ணையும் அழிந்தது. அதில் ஹொங்கொங் கம்பனியொன்றுக்குப் பங்கு இருந்தது. பிரித்தானியாவோடு 1980 இல் செய்த முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி, அந்தக் கம்பனி உலக வங்கியின் பிணக்குத் தீர்வு மையத்துக்கு நேரே போனது. 1990 இல் 460,000 டொலரும் வட்டியும் கொடுக்கும்படி இலங்கைக்குத் தீர்ப்பு. செத்த தொழிலாளியின் மனைவிக்கு அந்த வாசலில் இடமில்லை. ஒப்பந்தம் கதவு திறந்தது காசு போட்டவருக்கு மட்டுந்தான்.

இப்படியான ஒப்பந்தங்களுக்கு 1978 அரசியலமைப்பே அரண் கட்டி வைத்திருக்கிறது. 157 இன்படி, பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒருமுறை கையுயர்த்தினால் போதும், ஒப்பந்தம் சட்டமாகிவிடும். அதற்கு மாறாக அப்புறம் எந்தச் சட்டமும் இயற்றக் கூடாது. தேசியப் பாதுகாப்புக்காக மட்டும் மீறலாம். கூலிக்காகவோ காணிக்காகவோ மீற வழியில்லை. நவதாராளவாதம் என்று மேடையில் திட்டுகிறோமே, அது குடியிருப்பது இந்த மாதிரி வாக்கியங்களில்தான்.

வட்டி நீங்கலான அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 வீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது 2024 இன் 44 ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம். சரி, 2022 இல் வங்குரோத்தான நாட்டுக்குக் கடிவாளம் தேவைதான். அந்தச் சட்டத்தையாவது அடுத்த பெரும்பான்மை மாற்றிக்கொள்ளலாம். 157 இன் கீழ் பூட்டியதை அப்படித் திறக்க முடியாது.

ஆகவே 157 இன் பழைய வாசகத்தை அப்படியே புதிய வரைவில் ஒட்டிவிடாதீர்கள். வைக்கத்தான் போகிறீர்கள் என்றால், தேசியப் பாதுகாப்புக்குப் பக்கத்தில் தொழிலாளர் உரிமையையும் காணியையும் சுகாதாரத்தையும் எழுதுங்கள். ஒப்பந்தங்களின் தமிழ், சிங்களப் பிரதிகளை வாக்கெடுப்புக்கு முதலே வெளியிடுங்கள், பிறகல்ல.

வெள்ளவத்தையிலிருந்து,
ஒரு வாக்காளர்