அத்தை ஓடிய 400 மீட்டர்

ஆயி,

இங்கே சுங்கை சிப்புட்டில் எல்லாரும் சுகம். பேத்தி பள்ளியில் ஓடப் போகிறாள் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அத்தை நினைப்புதான். அவள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்காக 400 மீட்டர் ஓடியவள். உனக்கே அது அரைகுறையாகத்தான் தெரியும்.

1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் நம் மலேசிய ஓட்டக்காரி எம். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். எங்கள் ரப்பர்த் தோட்டமே அதைப் பேசியது. அம்மா பிரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, போனதும் தம்பி தங்கைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, செம்மண் சாலையில் பள்ளிக்கு ஓடிய பெண் அத்தை. அந்தச் செய்திக்கப்புறம் அவள் ஓடுவதே வேறு மாதிரி ஆகிவிட்டது.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியை நான் நேரில் பார்த்தேன். புல் திடல், சுண்ணாம்புக் கோடு, முதல் நாள் மழையில் பாதி அழிந்திருந்தது. அவளுக்குக் கடைசித் தடம். வளைவைச் சமப்படுத்த அந்தத் தடத்துக்காரரை முன்னால் நிறுத்துவார்கள், அதனால் துரத்திப் பிடிக்கக் கண்ணெதிரே ஆளே கிடையாது, பின்னால் வரும் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் ஓட வேண்டும். முந்நூறு மீட்டர் வரை யாரும் ஓடிவிடலாம், அப்புறம் கால் கல்லாகிவிடும் என்பாள். அந்தக் கடைசி நூறில்தான் இரண்டு பேரை முந்தி முதலாவதாக வந்தாள். வெறுங்காலோடு!

நேரத்தை விரிவுரையாளர் ஒரு நோட்டில் எழுதினார். அந்த நோட்டு இன்று யாரிடமும் இல்லை. நம் நாட்டு ஓட்டக்காரர் ஜெகதீசன் 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார், அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது, எல்லாரும் சொல்கிறார்கள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் கல்லூரியோடு நின்றுபோன பெண்களை யார் சொல்கிறார்கள்? எனக்கு அது பொறுக்கவில்லை, ஆயி.

வேலை கிடைத்தது தோட்டத் தமிழ்ப்பள்ளியில். கல்யாணம், பிள்ளைகள். சாயங்காலம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பைப்புத் துண்டைக் கையில் கொடுத்து, பால்மர நிரைகளுக்கு நடுவே பிள்ளைகளுக்கு அஞ்சல் ஓட்டம் பழக்குவாள். இப்போது அங்கே முழுக்கச் செம்பனை.

தீபாவளிக்கு வரும்போது பேத்தியை அத்தை பக்கத்தில் உட்கார வை. போனில் கேட்டால் "அதெல்லாம் எதுக்கு" என்று வைத்துவிடுவாள். நேரில், வளைவில் எப்படி ஓடுவது என்று பிள்ளையையே கேட்கச் சொல், தானாகப் பேசுவாள். நீ பக்கத்திலிருந்து எழுதிக்கொள். அவளுடைய சான்றிதழ் ஒன்று என் பெட்டியில் இருக்கிறது, ஓரம் செல்லரித்திருக்கிறது, அதையும் படம் எடுத்து வை.

அப்பா