'போதும்' என்ற ஒரு சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மீட்புக் குழுக்களுக்கு வாக்கி டாக்கி வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். "பட்ஜெட் குறைவென்றால் வாட் அதிகமுள்ள செட்டாகப் பார்த்து வாங்கினால் போதும்" என்று ஒரு வரி. அந்தப் 'போதும்' என்னைத் தூங்கவிடவில்லை.

22 வருடம் தீயணைப்பில் வயர்லெஸ் செட்டோடு குப்பை கொட்டியவன் நான். வாட் என்பது செட் சிக்னலை அனுப்பும் சக்தி. 4 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் சிக்னலில் வித்தியாசம் வெறும் 1 டெசிபல். கேட்கிறவன் காதுக்குத் தெரியாது, பேட்டரிக்குத்தான் தெரியும். தாங்கள் அறியாததல்ல, கட்டுரையாளருக்குத்தான் யாரும் சொல்லவில்லை போலும்.

எங்களுக்கும் ஒருமுறை, அட்டைப்பெட்டியில் போட்டிருந்த கிலோமீட்டரைப் பார்த்து மயங்கித்தான் வாங்கிக் கொடுத்தார்கள். அத்தனையும் விஎச்எஃப் என்ற தாழ்ந்த அலைவரிசை ரகம். வெட்டவெளியில் கணீரென்று கேட்டது. பிறகு ஒரு கட்டடத்தில், தரைக்குக் கீழே இரண்டாவது தளத்தில் தீ. உள்ளே போன பையன் கூப்பிட்டது வாசலில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் ஒருவனை நிறுத்தி, அவன் கத்தக் கத்தச் செய்தி கடத்தினோம். கான்கிரீட்டுக்குள் அதைவிட உயர்ந்த அலைவரிசையான யுஎச்எஃப் தேவலை என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தக் காகிதம் எந்தக் கோப்பில் உறங்குகிறதோ!

பேட்டரிக் கதை இன்னும் மோசம். இத்தனை மணி நேரம் நிற்கும் என்று போடுகிறார்களே, அது பெரும்பாலும் நூற்றில் 5 பங்கு பேச்சு, 5 பங்கு கேட்பு, மிச்சம் 90 பங்கு செட் சும்மா கிடக்கும் என்று போட்ட கணக்கு. எரிகிற வீட்டில் எவன் சும்மா இருப்பான்? ஆளுக்கொன்று என்று பெருமைக்கு 40 செட் வந்தது, மாற்று பேட்டரி ஒன்றுகூட வரவில்லை. அதே பணத்தில் 20 வாங்கி, செட்டுக்கு இரண்டு பேட்டரியும் ஒரு தோள் மைக்கும் கொடுத்திருந்தால் அது சிக்கனம். கையுறை போட்ட கையால் சேனல் குமிழைத் திருப்பிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போட்டிருந்தால் இன்னும் நல்லது. அதற்குக் காசு ஆகாது.

டிஜிட்டல் என்றதும் கட்டுரையில் ஒரே புகழாரம். டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் முறையில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேச்சு ஓடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிக்னல் தேயத் தேய, பழைய பாணி அனலாக் செட் இரைந்து எச்சரிக்கும். டிஜிட்டலோ சற்று முன்பு வரை தெளிவாகப் பேசிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் அடங்கிவிடும். இதைச் சொல்ல ஒரு வரிக்குமா இடமில்லை?

இடம் என்றதும் ஞாபகம் வருகிறது. இதே விஷயமாக முன்பும் ஒரு கடிதம் அனுப்பினேன். இடநெருக்கடியால் வரவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த இதழில் வாசகர் பக்கத்தில் பாதிக்குச் சோப்பு விளம்பரம் வந்திருந்தது. நல்ல சோப்பாகவே இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தையும் போட வேண்டாம் ஐயா. கட்டுரைக்கு மேலே உள்ள படத்தில் ஒரு வீரர் ஆன்டெனாவைப் பிடித்துச் செட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அடுத்த முறை அந்தப் படத்தையாவது மாற்றுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயர்லெஸ் ஆபரேட்டர் ஒருவர்