"நிரந்தரமோ?" என்று கேட்ட அப்பாவுக்கு

ஸ்காபரோ, ஒன்ராறியோ
16.11.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் நால்வரும் இங்கு நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கும் நல்லூர்க் கந்தனை வேண்டிக்கொள்கிறோம். கோப்பாயில் மாரி தொடங்கியிருக்கும். கிணற்றடிப் பக்கம் வழுக்கும், அம்மாவைத் தனியே போக விடாதீர்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீங்கள், "பிள்ளை, அந்த வேலை நிரந்தரமோ?" என்று இரண்டு தடவை கேட்டீர்கள். நான் எவ்வளவு உரக்கச் சொல்லியும் என் பதில் முழுவதும் உங்கள் காதில் விழவில்லை என்பது உங்கள் குரலிலேயே தெரிந்தது. ஆகையால் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுகிறேன். தம்பியை வாசிக்கச் சொல்லாமல், நீங்களே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

2022 ஒக்டோபரில் நான் இங்கே வந்து இறங்கியபோது, யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசு கந்தோரில் உங்களுக்குப் பக்கத்து மேசையில் இருந்து நான்கு வருடம் காணி உறுதிப் பத்திரங்களைத் தட்டச்சடித்த அனுபவத்தை இங்கே ஒருவரும் அனுபவமாகக் கணக்கெடுக்கவில்லை. ஒரு வேலை முகவர் நிலையம் என்னைக் களஞ்சியசாலை ஒன்றுக்கு அனுப்பியது. நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்பது முதல் நாள் இரவு வரும் குறுஞ்செய்தியில்தான் தெரியும். அடுத்த பெப்ரவரியில், கடும் பனிக்காலத்தில், "இனி வரத் தேவையில்லை" என்று ஒரு செய்தி வந்தது; காரணம் சொல்லப்படவில்லை. உங்களுக்கு இதை நான் அப்போது சொல்லவில்லை. நீங்கள் கவலைப்படுவீர்கள் என்பதால் மறைத்தேன். இப்போது சொல்வதற்குக் காரணம், நிரந்தரம் என்ற சொல் உங்களுக்கு எவ்வளவு பெரியதோ அவ்வளவு எனக்கும் பெரியது என்பதை நீங்கள் அறிய வேண்டும் என்பதே.

2023 ஒக்டோபரில் வேறொரு முகவர் நிலையத்தில் பதிந்தேன். இந்தமுறை விண்ணப்பத்தில், காணி உறுதிகள் தயாரித்த அனுபவம் உண்டு என்று தெளிவாக எழுதினேன். இரண்டு கிழமையில், வீடு வாங்கி விற்கும் முகவர்கள் நாற்பது பேரளவில் இயங்கும் ஒரு தரகு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். முன் மேசையில் இருந்த பெண் பிரசவ விடுமுறையில் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை அந்தக் கதிரையில் இருப்பதுதான் என் வேலை. தொலைபேசி எடுப்பது, வீடு பார்க்க வருபவர்களுக்கு நேரம் குறிப்பது, திறப்புப் பெட்டிகளின் இலக்கங்களைப் பார்த்துக்கொள்வது, முற்பணக் காசோலைகளுக்குப் பற்றுச்சீட்டு எழுதுவது, இவ்வளவுதான்.

நான் அங்கு சேர்ந்து ஆறு கிழமையில், 2023 டிசம்பர் 1 ஆம் திகதி, ஒன்ராறியோவில் வீடு விற்பனைத் தொழிலை ஆளும் சட்டம் மாறியது. 2002 ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, நம்பிக்கை என்ற சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய சட்டமாக வந்தது. படிவங்கள் மாறின. முகவர் ஒருவர் எவருக்காவது சேவை செய்யத் தொடங்குமுன், இந்தத் தொழிலின் மேற்பார்வைச் சபை வெளியிட்ட தகவல் கையேட்டைக் கொடுத்து விளக்கி, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்க வேண்டும் என்று வந்தது. இருபது வருடம் தொழில் செய்தவர்களும் அந்த மாதத்தில் புதியவர்களைப் போலத் தடுமாறினார்கள். நான் அந்தக் கையேட்டையும் புதிய படிவங்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, பிள்ளைகள் படுத்த பின், நீங்கள் எனக்குப் பழக்கியதுபோல ஒவ்வொரு வாசகத்தையும் விரலால் தொட்டு வாசித்தேன். பின்னர், ஒரு கோப்பில் எந்தப் பத்திரம் எந்த ஒழுங்கில் இருக்க வேண்டும், எதில் யார் ஒப்பமிட வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி முகாமையாளரிடம் கொடுத்தேன். எவரும் கேட்டுச் செய்த வேலையல்ல அது. அடுத்த திங்கட்கிழமை அந்தப் பக்கம் எல்லாக் கோப்புகளின் முன்பக்கத்திலும் ஒட்டப்பட்டிருந்தது.

தை மாதத்தில் இன்னொன்று நடந்தது. இங்கே விற்பவர் விலையை ஏற்று ஒப்பமிட்டால், வழமையான ஒப்பந்தங்களின்படி வாங்குபவர் 24 மணி நேரத்துக்குள் முற்பணத்தைச் சேர்க்க வேண்டும். தவறினால் விற்பவர் கையை உதறிவிட்டுப் போக இடமுண்டு. ஒரு வியாழன் இரவு ஏற்கப்பட்ட ஒப்பந்தத்துக்கு வெள்ளி பின்னேரம் நான்கு மணிவரை பற்றுச்சீட்டு எழுதப்படவில்லை என்பதை நான் கண்டேன். முகவர் காய்ச்சலில் படுத்திருந்தார். நான் முகாமையாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்; அவர் அந்தக் குடும்பத்துக்கு அழைத்தார்; அவர்கள் வங்கி பூட்டுமுன் ஓடிப்போய் வரைவு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். நம்முடைய தமிழ்க் குடும்பம், முதல் வீடு. அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றதை நான் மறக்கவில்லை.

இனி, தற்காலிகம் நிரந்தரமான கதை. இங்கே ஒரு சட்டம் உண்டு. உங்களுக்கு இது பிடிக்கும். முகவர் நிலையம் மூலம் வந்தவரை ஒரு நிறுவனம் தானே வேலைக்கு எடுத்துக்கொள்ள விரும்பினால், அவரை முதன்முதலாக அங்கே அனுப்பிய நாளிலிருந்து 6 மாதம்வரைதான் முகவர் நிலையம் அந்த நிறுவனத்திடம் கட்டணம் கேட்கலாம். வேலை செய்பவரிடம் ஒரு சதமும் கேட்கக் கூடாது; நிரந்தரமாகச் சேராதே என்று தடுக்கவும் கூடாது. இதை அறியாமல் எத்தனையோ பேர் வருடக்கணக்கில் முகவர் நிலையத்தின் ஆட்களாகவே இருந்துவிடுகிறார்கள். நான் அறிந்துகொண்டு, ஆறு மாதம் முடிந்த 2024 சித்திரையில் முகாமையாளரிடம் நேராகப் போய், "இங்கேயே இருக்க விரும்புகிறேன், முன் மேசையில் அல்ல, ஒப்பந்தக் கோப்புகளைப் பார்க்கும் வேலையில்" என்று கேட்டேன். அந்த வேலையைப் பார்த்தவர் அப்போதுதான் ஒட்டாவாவுக்கு மாறிப் போயிருந்தார். கேட்பதற்கு முன் இரண்டு நாள் நித்திரை இல்லை. முகாமையாளர் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சம்மதித்தார். ஆகவே அப்பா, உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: ஆம், 2024 மே மாதத்திலிருந்து நான் மாதச் சம்பளம் வாங்கும் நிரந்தர ஊழியர்.

ஆனால் நான் அதோடு நிற்கவில்லை. அதைத்தான் தொலைபேசியில் சொல்லிமுடிக்க முடியவில்லை.

அனுமதிப்பத்திரம் இல்லாதவர் இங்கே ஒருவருக்கு வீட்டைக் காட்டவோ, விலை பேசவோ, ஒப்பந்தத்தின் பொருளை விளக்கவோ கூடாது. அது நல்ல சட்டம். நான் அதை மதிக்கிறேன். ஒருநாள், அம்மாவின் வயதுள்ள ஒரு தாயை மகன் அழைத்துவந்து வரவேற்பறையில் இருத்திவிட்டு முகவரோடு உள்ளே போய்விட்டார். வீட்டுக்கடன் கிடைப்பதற்காகத் தாயின் பெயரையும் வாங்குபவராகச் சேர்க்கும் ஏற்பாடு அது. அந்தத் தாய் கையில் தாள்களை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "பிள்ளை, நீரும் ஊர்ப் பிள்ளைதானே, இதிலை நான் கையெழுத்து வைச்சால் எனக்கு என்ன நடக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். மகன் கடனைக் கட்டாவிட்டால் வங்கி அவரையும் கேட்கும் என்று தெரியும். ஆனால் வாய் திறக்க எனக்கு உரிமை இல்லை. "அம்மா, கையெழுத்து வைக்க முன்னம் உங்களுக்கெண்டு ஒரு வழக்கறிஞரிட்டைக் கேளுங்கோ" என்று மட்டும் சொன்னேன். அன்று இரவு வீட்டுக்கு வந்து, சமைக்காமல், கணவரிடம் நான் அனுமதிப்பத்திரம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "ஐயா, இதை ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நீங்கள் வாசித்துச் சொன்னதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

படிப்பு ஹம்பர் கல்லூரியின் பாடத்திட்டம். ஐந்து பாடங்கள், இடையில் நேரில் போய்ச் செய்துகாட்டும் பயிற்சி அமர்வுகள், தேறுவதற்கு 75 புள்ளிகள். இரவு ஒன்பது மணி முதல் பன்னிரண்டு மணிவரை படித்தேன்; இவர் இரவு வேலையைப் பகலுக்கு மாற்றிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தார். அந்த உதவி இல்லாமல் இது நடந்திராது.

படிக்கும்போது உங்களை நினைக்காத நாள் இல்லை. குடும்ப வீட்டைப் பற்றிய பாடத்தில், உறுதி யார் பெயரில் இருந்தாலும் கணவனோ மனைவியோ மற்றவரின் சம்மதம் இல்லாமல் அதை விற்க முடியாது என்று படித்தபோது, நம் யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான தேசவழமைப்படி ஒரு பெண் தன் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று நீங்கள் விளக்கியது நினைவுக்கு வந்தது. இங்கே அந்தக் கட்டு இருவருக்கும் சமமாக இருக்கிறது. அதுவே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. காணிப் பதிவு முறையும் வேறு. நீங்கள் ஒரு காணியின் வரலாற்றைத் தேடிப் பழைய ஏடுகளைப் புரட்டிப் பரம்பரை பரம்பரையாக உறுதி அடுக்குவீர்கள். இங்கே ஒவ்வொரு காணித்துண்டுக்கும் 9 இலக்கம் கொண்ட அடையாள எண் உண்டு. அதைக் கணினியில் அடித்தால் இன்றைய உரிமையாளரும் அதன்மேல் உள்ள கடனும் திரையில் வந்துவிடும். வசதிதான். ஆனால் எந்தக் காணிக்கும் பெயர் இல்லை, அப்பா. ஊரில் ஒரு பரப்புக் காணிக்குக்கூட ஒரு பெயர் இருக்கும். நாலு எல்லையும், பங்குக் கிணறும், வழிவாய்க்கால் உரிமையும் எழுதியிருக்கும். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் ஊரே இடம்பெயர்ந்து செம்மணி வெளியால் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது, நீங்கள் எங்கள் உடுப்புப் பையை விட்டுவிட்டு உறுதிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். அதில் எங்களுடைய உறுதியைவிட அயலவர்களின் உறுதிகளே கூடுதலாக இருந்தன என்று அம்மா பின்னர் சொன்னார்.

இங்கே மக்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதும் இப்போது எனக்குத் தெரிகிறது. ரொறன்ரோவில் 8 இலட்சம் டொலருக்கு வீடு வாங்க ஆகக் குறைந்த முற்செலுத்து தொகை 55,000 டொலர். அதைச் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் மாகாணத்துக்கு 12,475 டொலரும், நகரசபைக்கு அதே அளவும் கைமாற்று வரியாகக் கட்ட வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். முதல் வீடு வாங்குபவருக்கு மாகாணம் 4,000 வரையும் நகரம் 4,475 வரையும் கழிக்கும். மிகுதி 16,475 டொலர் கையில் ரொக்கமாக வேண்டும். ஊரில் முத்திரைத் தீர்வைக்குக் காசு வைக்காமல் வந்து, உங்கள் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றவர்களைப் போலத்தான் இவர்களும். இதை முதல் நாளிலேயே தமிழில் உட்காரவைத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

கடந்த மாதம் என் பெயரில் அனுமதிப்பத்திரம் வந்துவிட்டது. இனிச் சம்பள வேலையை விடுவேனோ என்று நீங்கள் பயப்படுவீர்கள். விடமாட்டேன். வீடு விற்கும் முகவருக்கு மாதச் சம்பளம் இல்லை, விற்றால்தான் காசு. நான் வந்த காலத்தில் இதைக் கண்ணால் கண்டேன். கனடா மத்திய வங்கியின் வட்டி 2022 தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்து 2023 ஜூலையில் 5 வீதமானது. 2021 இல் ரொறன்ரோ பெரும்பாகத்தில் ஒரு இலட்சத்து 21 ஆயிரத்துக்கு மேல் விற்ற வீடுகள், 2023 இல் 66 ஆயிரம் அளவுக்கு விழுந்தன. எங்கள் கந்தோரிலேயே நல்ல முகவர்கள் சிலர் பகுதிநேரமாகப் பார வண்டி ஓட்டப் போனார்கள். ஆகையால் பகலில் கோப்பு வேலையும், பின்னேரங்களிலும் வார இறுதியிலும் அனுபவமுள்ள ஓர் அக்காவோடு சேர்ந்து முகவர் வேலையும் என்று நிறுவனத்தோடு எழுத்தில் பேசி முடித்திருக்கிறேன். இரண்டு வருடம் இப்படித்தான். அதற்குப் பின் வருமானத்தைப் பார்த்து முடிவெடுப்பேன்.

ஊரில் தரகர் என்றால் இரண்டு பக்கமும் காசு வாங்குகிறவர் என்று அம்மா முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். இங்கே ஒரே நிறுவனம் இரு பக்கத்துக்கும் நிற்பதென்றால், இருவருக்கும் அதை முதலே சொல்லி எழுத்தில் சம்மதம் பெற வேண்டும். அம்மாவுக்கு இதை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள்.

வருகிற சனிக்கிழமை மல்வேர்னில் ஒரு குடும்பத்துக்கு முதன்முதலாக வீடு காட்டப் போகிறேன். வடமராட்சிப் பக்கத்து ஆட்கள். கிழக்கு வாசல் வேண்டும், தெருக்குத்து இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அனுமதிப்பத்திரத்தின் படத்தைத் தம்பியின் தொலைபேசிக்கு அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

ஒரு சிறிய உதவி, அப்பா. எங்கள் வளவின் தென் எல்லையாக உறுதியில் எழுதியிருக்கும் காணியின் பெயரை இரண்டு நாளாக நினைத்துப் பார்க்கிறேன், வரவில்லை. உறுதியை எடுத்துப் பார்த்து, நாலு எல்லையையும் உங்கள் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். என் மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என்றும் அன்புள்ள
மூத்த மகள்