சிங்கப்பூரிலிருந்து அண்ணனுக்கு

சிங்கப்பூர்
16.05.2021

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நலம். எதிர்வீட்டில் கொரோனா தொற்று என்றதும் தெருவே அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். போன வருஷம் இங்கேயும் இதே கூத்துதான். 2020 பிப்ரவரி 7 அன்று அரசின் நோய் எச்சரிக்கை நிலை மஞ்சளிலிருந்து ஆரஞ்சு நிறத்துக்கு ஏறியது. அன்று சாயங்காலமே கடைகளில் அரிசி, மீ (நூடுல்ஸ்) பாக்கெட், கழிப்பறைத் தாள் எல்லாம் காலி. கிடங்கில் சரக்கு இருந்தது. அடுக்கும் வேகத்தைவிட அள்ளும் வேகம் அதிகம், அவ்வளவுதான். ஒருவருக்கு இரண்டு மூட்டை அரிசி, நான்கு கட்டு மீ என்று ஃபேர்பிரைஸ் சூப்பர்மார்க்கெட் வரம்பு வைத்தது.

ஏப்ரலில் தொழிலாளர் விடுதிகளை அடைத்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேல் ஆட்கள். அறைக்குப் பன்னிரண்டு, இருபது பேர். வருஷக் கடைசியில் கணக்கெடுத்தால் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது. பலருக்கு வந்ததே தெரியாது. அங்கே ஆட்களைத் தூங்கவிடாமல் அடித்தது காய்ச்சல் இல்லை, ‘எத்தனை நாள், சம்பளம் வருமா’ என்ற கேள்வி. தமிழிலும் வங்காளியிலும் சேதி வரத் தொடங்கியதும் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். ஊர் திறந்து மாதக்கணக்காகியும் அவர்களுக்கு மட்டும் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. அது நியாயமில்லை.

விடுதிகளில் ஆக்சிமீட்டர், அதாவது விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கும் கருவி, கொடுத்தார்கள். நீங்களும் வாங்கியிருப்பதால் சொல்கிறேன். மருதாணி, நகப்பூச்சு இருக்கும் விரல் வேண்டாம். கை சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு நடுவிரலில் மாட்டி, கையை நெஞ்சளவில் ஆட்டாமல் வையுங்கள். மாட்டியதும் எண் தாவும். ஒரு நிமிஷம் பொறுத்து, நிலையாக நிற்பதை எழுதுங்கள். ‘எஸ்பிஓ2’ என்று போட்டிருப்பதுதான் ஆக்சிஜன், ‘பிஆர்’ நாடித்துடிப்பு. துடிப்பு 78 என்பதை ஆக்சிஜனாகப் படித்துவிட்டு அலறுகிறவர்கள்தான் அதிகம். ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். 90-க்குக் கீழே என்றால் நேரே ஆஸ்பத்திரி. சந்தேகம் இருந்தால் மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் பண்ணுங்கள்.

எதிர்வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டை வாசல் ஸ்டூலில் வைத்துவிட்டு, தள்ளி நின்று போன் பண்ணச் சொல்லுங்கள். காலையும் மாலையும் யாராவது ஒருவர் ஆக்சிஜன் அளவு கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். தெருவில் வதந்திக்கு வேலை இருக்காது. இப்போதைய (2021) விதிப்படி அறிகுறி தொடங்கி 10 நாள் ஆகி, கடைசி மூன்று நாள் காய்ச்சலும் இல்லையென்றால் அவர் வெளியே வரலாம், மறுபடி டெஸ்ட் தேவையில்லை. இதை அண்ணி தெருவில் நாலு பேருக்குச் சொல்லட்டும். அவர் வெளியே வருகிற அன்று முகக்கவசத்தோடு நீங்களே முதலில் போய்ப் பேசுங்கள்.

அன்புடன்,
தம்பி